நன்றிக் கல்

காலை மட்டும் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள் தாயி. கல்தான், மார்பிள் கல். போர்வையில் சுற்றியிருப்பதால் மூட்டை மாதிரித் தெரிகிறது. ஏறும்போது கண்டக்டர் தம்பிகூட, “என்ன ஆச்சி, உள்ள ஆட்டுக்குட்டியா?” என்று கேட்டது. “கல்லுய்யா” என்றேன். “சிப்பிக்குடியில இல்லாத கல்லையா பஸ் ஏத்திக் கொண்டு போறீய?” என்று சிரித்துவிட்டுப் போனது. அந்தோனியார் பெயர் வெட்டியிருக்கிறது, அதனால் காலைத் தள்ளச் சொன்னேன். வேறு ஒன்றும் இல்லை.

நீ கடைசி வரை போகிறாயா? நான் சிப்பிக்குடி விலக்கில், ஊருக்கு ரோடு பிரிகிற இடத்தில் இறங்க வேண்டும். என் மகன் பெர்க்மான்ஸ் அங்கேதான் இருக்கிறான். எங்களுக்கு அந்த ஊரில் சொந்தம், பந்தம் எதுவும் கிடையாது. மிக்கேலம்மாள் என்று ஒருத்தி, அவள் வீட்டில் இருக்கிறான். பெற்றவள் நான் இங்கே உயிரோடு இருக்கிறேன், அவன் இன்னொருத்தி கையால் சோறு வாங்கித் தின்கிறான். கேட்டிருக்கிறாயா இப்படி? அவனைக் கூட்டிக்கொண்டு வரத்தான் போகிறேன். இந்தக் கல்லும் அதற்குத்தான்.

மிக்கேலம்மாள் கெட்டவள் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நாளைக்குக் கர்த்தர் கேட்பார். நாங்கள் இரண்டு பேரும் சிநேகிதிகள். செவ்வாய்க்கிழமை அந்தோனியார் கோயிலில் பக்கத்தில் பக்கத்தில்தான் உட்காருவோம். நான் எங்கள் ஊரிலிருந்து வருவேன், அவள் சிப்பிக்குடியிலிருந்து வருவாள். பூசை முடிந்து கோயிலில் எல்லாருக்கும் போடுகிற அசனச் சோறு வாங்கி வேப்பமரத்தடியில் உட்கார்ந்து தின்போம். அவள் மகன் நிக்சனுக்கு வேலை இல்லை என்று அழுதபோது என் மகனிடம் சொல்லி மஸ்கட்டுக்குக் கூப்பிட வைத்தவளே நான்தான். இரண்டு பேருக்கும் ஒரே வேலை. ஒருத்தன் ஒரு மாசம் பார்த்துவிட்டு ஊருக்கு வந்தால் இன்னொருத்தன் அங்கே போவான். மாத்தாள்.

என்ன வேலை என்றா? சேறு பார்க்கிற வேலை. சிரிக்கிறாய். நானும் சிரித்தேன். “எய்யா, பி.எஸ்.சி. படிக்க வச்சது சேறு கலக்கவா?” என்று கேட்டேன். அவனும் சிரித்தான். அப்போதெல்லாம் சிரிப்பான்.

அவன் வேலை செய்தது பாலைவனத்தில். எண்ணெய் எடுக்கிற இடம். அங்கே தரைக்குக் கீழே உப்பு இருக்கிறதாம். நான் உப்பளத்தில் பிறந்தவள், தாயி. நடை பழகினதே பாத்தி வரப்பில்தான். கல்யாணம் ஆகும் வரை வெயிலில் உப்பு வாரிக் குவித்தவள். என்னிடம் வந்து உப்பைப் பற்றிச் சொல்கிறான்.

“எம்மா, ஒங்க உப்பு வெயில்ல காயுற உப்பு. இது பழைய கடல் வத்திக் கிடக்க உப்பு. மனுசனே இல்லாத காலத்துக் கடல். அது மேல மண்ணு, மணலு, சுண்ணாம்பு எல்லாம் மலை மலையா ஏறி உக்காந்துருக்கு.”

“உக்காந்தா உக்காரட்டும்.”

“அது சும்மா இருக்காதும்மா. நடக்கும்.”

“எது?”

“உப்பு.”

குவித்த உப்பு குவித்த இடத்தில் கிடக்கும். மழை வந்தால் கரையும். நடக்கிற உப்பை நான் பார்த்ததில்லை. அவன் அடுப்பங்கரையில் உட்கார்ந்து, நான் பிசைந்து வைத்திருந்த புட்டரிசி மாவில்... இல்லை, அது சப்பாத்தி மாவு, அவனுக்கென்று பிசைந்தது. அதன்மேல் உள்ளங்கையை வைத்து அமுக்கினான். விரல் இடுக்கு வழியாக மாவு பிதுங்கி மேலே வந்தது. “இப்படித்தாம்மா. மேல பாரம் ஏற ஏற, எங்க பாரம் கம்மியோ அங்கன பிதுங்கிக்கிட்டு வரும். தூணு மாதிரி எந்திரிக்கும். போற வழியில உள்ள பாறை அடுக்கெல்லாம் வளைச்சி, தூக்கி, கிழிச்சிக்கிட்டுப் போகும். ஊரு கணக்கா பெருசு.”

“இவ்வளவு வேகமாவா?”

“நகம் வளருற வேகம்.”

அவன் சாதாரணமாகச் சொன்னதுதான். ஆனால் அன்றிலிருந்து நகம் வெட்ட உட்கார்ந்தால் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிடும். இத்தனை தூரம் அது நடந்திருக்கிறது, நமக்குத் தெரியாமல், காலுக்குக் கீழே, என்று தோன்றும்.

உப்பு எதையும் உள்ளே விடாதாம். எண்ணெய் கீழேயிருந்து ஊறி ஊறி மேலே வருமாம், வந்து உப்பில் முட்டி நின்றுவிடுமாம். அதைத் தாண்டப் பாதை இல்லை. அதன் விலாவிலும் அடியிலும் அண்டிக்கொண்டு கோடி வருசம் கிடக்குமாம். அதனால் எண்ணெய் தேடுகிறவர்கள் முதலில் உப்பு எங்கே எப்படி வளைந்திருக்கிறது என்று பார்ப்பார்கள் என்றான். சில இடத்தில் உப்பையே துளைத்துக்கொண்டுதான் அந்தப் பக்கம் போக வேண்டும். அங்கேதான் வினை. துளை போட்டால் உப்பு ஒத்துக்கொள்ளாது. புண் ஆறுகிற மாதிரி அது தானாக மூடும். குழாய் உள்ளே இருந்தால் குழாயைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். அது மூடாமல் இருக்கத் துளைக்குள் சேற்றை ஊற்றி நிறுத்துவார்கள், மருந்தெல்லாம் போட்ட சேறு. சேறு கனமாக இருந்தால் உப்பு அடங்கி இருக்கும். கனம் குறைந்தால் நெருக்கிவிடும். எவ்வளவு கனம் வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறவன்தான் என் மகன். நிக்சனும்.

இதெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், அந்தோனியார் செய்த புதுமை, அந்த அற்புதம், உனக்கு விளங்க வேண்டும்.

போன வருசம் திருவிழாவுக்கு நான் ஒரு நேர்ச்சை வைத்திருந்தேன். என் மகன் சப்பரம் தூக்குவான் என்று. அவனுக்கு ஒரு நல்ல இடத்தில் பெண் அமைய வேண்டும், அதற்காக. அவன் முறை முடிய இன்னும் நாள் இருந்தது. லீவு கிடையாது என்றான். நான் விடவில்லை. காலையில் ஒருமுறை கூப்பிடுவேன், சாயங்காலம் ஒருமுறை கூப்பிடுவேன். “அந்தோனியார்ட்ட சொல்லிட்டேன்யா, இனி நீ வராம இருந்தா அவரு மொகத்துல எப்படி முழிப்பேன்?” அவன், “எம்மா, இப்ப உப்புக்குள்ள போய்க்கிட்டு இருக்கோம், இந்த நேரம் விட்டுட்டு வர முடியாது” என்பான். “உப்பு எங்கயும் ஓடிராது” என்பேன். என் மகள் ஜெனோவா நாகர்கோவிலிலிருந்து போனில் திட்டுவாள். “அம்மா, நீ அவன வேலையப் பாக்க விடுதியா இல்லையா? அந்தோனியாரே ஒம் போனுக்குப் பயந்து ஸ்விட்ச் ஆஃப் பண்ணிருவாரு” என்பாள். வாய் அதிகம் அவளுக்கு. ஆனால் பிள்ளைகளுக்காகத் தாய் விடாமல் கேட்க வேண்டும். கேட்டால்தான் கிடைக்கும். வேதத்திலேயே இருக்கிறது.

கடைசியில் நிக்சன்தான் ஒத்துக்கொண்டான். “அக்கா சொல்லிட்டாவள்ளா, நான் முன்னாலயே போறேன்” என்று கிளம்பிவிட்டான். தங்கமான பையன். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவான், அவன் அம்மா வயசு எனக்கு.

இவன் அவனிடம் வேலையை ஒப்படைத்துவிட்டு வந்தான். வழக்கமாக அரை நாள் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் வருவார்களாம். அன்றைக்கு விமானத்துக்கு நேரமாகிவிட்டது என்று வண்டி பக்கத்தில் நின்றபடியே சொல்லிவிட்டு ஏறிவிட்டான். வந்த அன்றைக்குச் சாப்பிடும்போது, “நிக்சன்ட்ட சரியாச் சொன்னேனான்னு தெரியலம்மா, சேத்துக் கனத்த ஏத்தணும்” என்றான். “படிச்ச பையன்தானய்யா, அவனுக்குத் தெரியாததா? மீனை எடுத்துப் போட்டுக்கோ” என்றேன்.

திருவிழா அன்றைக்கு நீ பார்த்திருக்க வேண்டும். வெள்ளை வேட்டி சட்டை, சிவப்புத் துண்டு. முன் கம்பில் என் மகன். சப்பரம் கோயிலைச் சுற்றி வந்து வடக்குத் தெரு திரும்பும்போது வெயில் இறங்கியிருந்தது. அவன் சட்டைப் பையில் போன் அடித்தது. மேளச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை, பைக்குள் விளக்கு எரிவது துணி வழியாகத் தெரிந்தது. நின்றது. மறுபடி எரிந்தது. அவன் ஒரு கையை எடுத்துப் பைக்குக் கொண்டுபோகப் பார்த்தான். என்னைப் பார்த்தான். நான் தலையை ஆட்டினேன், வேண்டாம் என்று. புனிதரைத் தோளில் வைத்துக்கொண்டு யாராவது போன் பேசுவார்களா? நீயே சொல். அவன் கையைக் கம்புக்குக் கொண்டுபோய்விட்டான். அது எரிந்து எரிந்து அணைந்தது. தெரு முடியும் வரைக்கும்.

நிக்சன்தான் கூப்பிட்டிருக்கிறான்.

உப்பு குழாயைக் கவ்விப் பிடித்துவிட்டதாம். இழுத்திருக்கிறார்கள். வரவில்லை. இன்னும் பலமாக இழுத்திருக்கிறார்கள். மேலே ஏதோ அறுந்து, கீழே நின்றவன்மேல்...

எங்கே நின்றான் தெரியுமா? என் மகன் நிற்கிற இடத்தில். நேர்ச்சைக்கு வராமல் இருந்திருந்தால் அந்த நேரம் அந்த இடத்தில் நின்றிருப்பவன் பெர்க்மான்ஸ். இப்போது விளங்குகிறதா? நான் கேட்டேன், அவர் காப்பாற்றினார். இதைப் புதுமை என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது?

அதனால்தான் இந்தக் கல்லை வைத்தேன். கோயில் சுவர் பூராவும் இப்படிக் கல் இருக்கும், பார்த்திருப்பாயே. பிள்ளை வரம் கிடைத்தவர்கள், ஆபரேஷனில் பிழைத்தவர்கள், பரீட்சை பாஸ் ஆனவர்கள். வரம் கிடைத்தால் நன்றிக் கல் பதிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். நான் வெட்டச் சொன்னது இவ்வளவுதான்: ‘என் மகன் பெர்க்மான்ஸ் உயிரைக் காத்த புனித அந்தோனியாருக்கு நன்றி. இன்னாசியம்மாள்.’ கீழே தேதி. காப்பாற்றிய தேதியைத்தானே போட வேண்டும்? அதைத்தான் போட்டேன்.

மகனுக்குத் தெரியாமல் செய்தேன், சந்தோசப்படுவான் என்று. கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். அவன் படித்தான். அந்தத் தேதிமேல் விரலை வைத்தான். “எம்மா, மிக்கேலம்மா செவ்வாய்க்கெழம இங்கதான வருவாவ?” என்றான். ஆமாம், அவளும் பார்த்தால் அவளுக்கும் விசுவாசம் கூடும் என்றேன். அவன் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

அதற்குப் பிறகு அவன் சரியில்லை. வேலைக்குத் திரும்பிப் போகவில்லை. பட்டப்பகலில் வீட்டுத் தரையில் குப்புறப் படுத்துக் காதை வைத்துக் கிடப்பான். “என்னய்யா செய்யுத?” என்றால், “கேக்குதாம்மா?” என்பான். “என்னது?” “வருதும்மா.” நான் ஜெபமாலையை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருவேன். கண்ணேறு பட்டிருக்கும் என்று ஒரு கை கல்லுப்பு எடுத்து, மிளகாய் வைத்து, அவன் தலையைச் சுற்றினேன். கையிலிருந்த உப்பைப் பார்த்துவிட்டு அவன் போட்ட சத்தம் இருக்கிறதே, தாயி, தெருவே வந்துவிட்டது. எங்கள் வீட்டில் பிறந்த நாளிலிருந்து அவனுக்கு உப்புச் சுற்றிப் போடுகிறேன். ஒருநாளும் அப்படிக் கத்தினதில்லை.

“அந்தக் கல்ல எடு. எடுத்த அன்னைக்கு வீட்டுக்கு வாரேன்” என்று சொல்லிவிட்டுக் கிளம்பியவன்தான். சிப்பிக்குடிக்குப் போய்விட்டான். மிக்கேலம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னானாம், போன் வந்தது, எடுக்காதது, எல்லாம். அவள் ஒரு வார்த்தை ஏசியிருக்கலாம். விளக்குமாற்றை எடுத்து விரட்டியிருக்கலாம். நான் அவளிடத்தில் இருந்தால் விரட்டியிருப்பேன், அவனும் வீட்டுக்கு வந்திருப்பான். அவள் என்ன செய்தாள் தெரியுமா? தட்டைக் கழுவிச் சோறு போட்டாளாம். இப்போது அவளுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுக்கிறான், கருவாடு காயப்போடுகிறான், சந்தைக்குச் சுமந்துகொண்டு போகிறான். நிக்சனுடைய கட்டிலில் படுக்கிறான். எனக்குப் போட்டி அவளா, செத்துப்போன பையனா என்று தெரியவில்லை. சில நேரம் என் மகன் எங்கே போனான் என்றே தெரியவில்லை. அங்கே இருக்கிறவன் யார்?

கல்லை எடு என்கிறான். கொடுத்த நன்றியை எப்படித் திருப்பி எடுப்பது? அந்தோனியார் கொடுத்ததைத் திருப்பி எடுத்துவிட்டால்? நான் எடுக்கவில்லை.

ஆனால் கல் தானாக விழுந்தது.

முதல் தடவை, பிரசங்க நேரம். சுவரிலிருந்து கழன்று அப்படியே தரையில். உடையவில்லை. கொத்தனாரைக் கூப்பிட்டுப் பதித்தேன். மழைக்காலம் முடிந்து மறுபடி வந்து பார்த்தால் மேல் விளிம்பு முன்னால் சாய்ந்து நிற்கிறது, யாரோ பின்னாலிருந்து எட்டிப் பார்க்கிற மாதிரி. அதே சுவரில் மேல் வரிசைக் கல்லெல்லாம் அசையாமல் இருக்கிறது. கொத்தனார் மெனக்கெட்டுச் சுரண்டிப் பார்த்துவிட்டு, “பெரியம்மா, ஒங்க கல்லு கீழ் வரிசையில இருக்கு. தரையிலேர்ந்து உவர் ஏறுது. சுவத்துக்குள்ள உப்பு பூத்து வெளிய தள்ளுது” என்றார். கல் இருந்த இடத்தைக் காட்டினார். பஞ்சு மாதிரி வெள்ளையாக உப்பு. என் நகக்கண் அளவுக்கு வளர்ந்திருந்தது.

நான் அதைத் தொட்டுப் பார்த்தேன். அப்புறம் என்ன நினைத்தேனோ, சுவரில் காதை வைத்தேன். கொத்தனார் என்னையே பார்த்தார். “என்ன பெரியம்மா?” என்றார். ஒன்றும் இல்லை என்றேன். கேட்டது, தாயி. மெல்லமாக, மாவு பிதுங்குகிற மாதிரி.

மூன்றாவது தடவையும் தள்ளிவிட்டது. அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. நான் கல்லைத் தூக்க முடியாமல் குனிந்து நிற்கிறேன், மறுமுனையை ஒரு கை பிடிக்கிறது. பார்த்தால் மிக்கேலம்மாள். நாங்கள் பேசி மாசக்கணக்கு ஆகியிருந்தது. இரண்டு பேருமாகத் தூக்கிச் சுவரோரம் சாய்த்து வைத்தோம். அவள் முந்தானையால் எழுத்தில் இருந்த மண்ணைத் துடைத்தாள். எனக்கு மனசு இளகிவிட்டது. “மிக்கேலு, நான் என் பிள்ளைக்காகக் கேட்டேன், அவரு கொடுத்தாரு. அதுக்கு நன்றி சொல்லாம இருக்க முடியுமா?” என்றேன்.

அவள், “நானுந்தான் கேட்டேன்” என்றாள்.

அவ்வளவுதான். செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நானும் அவள் பின்னாலேயே போய், “நேர்ச்சை ஏதும் வச்சிக் கேட்டியா மிக்கேலு? சும்மா கேட்டா பத்தாதுல்லா” என்றேன். நல்லதற்குத்தான் சொன்னேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

அவளுக்கு வருத்தம் இருக்கும்தானே. பெற்ற வயிறு. யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். கல்லை எடுத்துக்கொண்டு கல்வெட்டுகிறவனிடம் போனேன். கீழே இடம் இருந்தது. ‘நிக்சன் ஆன்மா சாந்தியடைய மன்றாடுகிறோம்’ என்று சேர்த்து வெட்டச் சொன்னேன். நல்ல அழகாக வந்திருக்கிறது. “இதுக்கு வேற தேதி போடணுமாம்மா?” என்று கேட்டான். “வேண்டாம், ரெண்டும் ஒரே தேதிதான்” என்றேன். “அப்ப ஒங்களுக்கு வேல மிச்சம்” என்றான்.

சிப்பிக்குடிக் கோயில் மணல் மேட்டில் இருக்கிறது. உவர் ஏறாது. அங்கே மிக்கேலம்மாள் கையாலேயே பதித்துவிட்டால் அவளுக்கும் ஒரு ஆறுதல், அந்தோனியாருக்கும் குறை இல்லை, என் மகனும் தாய் விட்டுக்கொடுத்தாள் என்று வீட்டுக்கு வருவான். சரியாகத்தானே யோசித்திருக்கிறேன்? ஜெனோவாவிடம் சொன்னேன். போன் கட்டாகிவிட்டது. டவர் இல்லை போலிருக்கிறது என்று நினைத்தேன்.

என்ன கேட்டாய்? காற்றில் சரியாகக் கேட்கவில்லை. மிக்கேலம்மாள் இதைப் பார்த்தால் என்ன சொல்வாள் என்றா?

என்ன சொல்வாள்... நல்லா இருக்கு என்பாள். முதலில் நிக்சன் பெயரைத் தடவிப் பார்ப்பாள். அந்த எழுத்தில்தான் கறுப்பு புதிதாக இருக்கிறது. அப்புறம் மேலே பார்ப்பாள். அவளுக்குப் படிக்கத் தெரியும், எட்டாவது வரை போயிருக்கிறாள். மேலே பெர்க்மான்ஸ். ‘உயிரைக் காத்த.’ அப்புறம் தேதி. தேதிக்குக் கீழே நிக்சன். படித்துவிட்டு என்னைப் பார்ப்பாள். பார்த்து...

இந்த ரோடு ஏன் இப்படிக் குலுங்குகிறது? முன்னெல்லாம் இவ்வளவு இல்லை.

பார்த்து, அவள் ஒன்றும் சொல்லமாட்டாள் என்று நினைக்கிறேன். சொன்னதைத்தான் அன்றைக்கே சொல்லிவிட்டாளே. அவளும் கேட்டிருக்கிறாள். என் பக்கத்தில் உட்கார்ந்துதான் கேட்டிருக்கிறாள். அதே பாயில், அதே மெழுகுதிரியில் பற்றவைத்து. நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன், அவள் என்ன கேட்டாள் என்று அப்போது எனக்குக் கேட்கவில்லை.

விலக்கு வந்துவிட்டது. ஆமாம், அந்தப் புளியமரம்தான். அங்கே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறானே, கருவாட்டுப் பெட்டி கட்டியிருக்கிறது பார், அவன்தான். மெலிந்துபோய்விட்டான். எனக்காக நிற்கவில்லை, நான் வருவது தெரியாது. சந்தைக்குப் பெட்டியை ஏற்றிவிடப் பஸ் பார்த்து நிற்கிறான்.

நீ எழுந்திரிக்காதே, தாயி. நான் தாண்டிப் போய்விடுகிறேன். இல்லை, கல்லைத் தூக்கித் தர வேண்டாம். கனமாக இருக்கிறது. ஏறும்போது இவ்வளவு கனம் தெரியவில்லை. சீட்டுக்கு அடியில் இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளிவிடு, யார் காலிலும் படாமல்.

நீ கடைசி வரை போகிறவள்தானே? அங்கே யாராவது கேட்டால், ஒரு பொம்பளை மறந்து வைத்துவிட்டு இறங்கிவிட்டாள் என்று சொல். விட்டுவிட்டுப் போனாள் என்று சொல்லிவிடாதே. நேர்ச்சைப் பொருள் பார், விட்டுவிட்டுப் போகக் கூடாது. மறந்துவிட்டாள் என்று சொல்.